காரணம் கூறாத தீர்ப்பு

தருமியைக் கண்டு சிரிக்காத தமிழர் இல்லை. 1965 ஆம் ஆண்டில் வெளிவந்த 'திருவிளையாடல்' திரைப்படத்தில் நாகேஷ் அந்த ஏழைப் புலவனாக வந்து, தனிமையில் புலம்பி, பொற்கிழி தனக்குக் கிட்டுமோ கிட்டாதோ என்று பட்ட பாட்டைக் கண்டு தலைமுறை தலைமுறையாக நாம் வயிறு குலுங்கச் சிரித்து வந்திருக்கிறோம். பரிசுக்காகத் தவிப்பவன் நகைப்புக்கு உரியவன் என்ற எண்ணம் அதனோடு நம் மனத்தில் ஊறிப்போயிற்று. சிறுகதைப் போட்டி ஒன்றுக்குக் கதை அனுப்பிவிட்டு, முடிவை எதிர்பார்த்து ஐந்து மாதங்கள் காத்திருந்த பின்னர் அப்படத்தை மறுபடியும் பார்த்தோம். சிரிப்பு வரவில்லை.

பரிசு வேண்டி நிற்பவனின் நடுக்கத்தைக் கண்டு நகைப்பது எளிது. அந்த நடுக்கம் எங்கிருந்து பிறக்கிறது, அதனால் யாருக்கு என்ன கேடு விளைகிறது என்று கேட்பது அவ்வளவு எளிதன்று. அதைக் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்த நடுக்கம் எத்தகையது என்பதை முதலில் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். கதையை அனுப்பிய முதல் வாரத்தில் எழுத்தாளன் மன்னனாக இருக்கிறான். தன் கதையைவிடச் சிறந்த கதை இந்நாட்டில் எழுதப்படவில்லை என்பது அவனுடைய துணிபு. இரண்டாம் வாரத்தில் பிரதியை எடுத்து வாசிக்கிறான். நான்காம் பக்கத்தில் ஓர் ஒற்றுப்பிழை கண்ணில் படுகிறது. நடுவர் அந்த இடத்திலேயே கதையைத் தூக்கி எறிந்திருப்பார் என்று அன்றிரவு உறக்கம் கெடுகிறது. முடிவு 'விரைவில்' வெளியாகும் என்ற அறிவித்தலை ஒவ்வொரு நாளும் வாசித்து, 'விரைவில்' என்ற சொல்லுக்கு உரையாசிரியனாகிறான். தோட்டத்தில் கைத்தொலைபேசிக்கு அலை கிடைப்பது கோவிலடி மேட்டில்தான் என்றால், பக்தி இல்லாதவனும் அந்தியில் கோவிலடிக்கு ஏறுகிறான். மழையில் நனைந்துகொண்டு அந்த மேட்டிலே நின்றவர்களில் நாமும் ஒருவர்.

இதைக் கேட்டதும் நம் பெரியோர் சிலர் புன்னகை பூப்பார்கள். "உண்மையான எழுத்தாளன் பரிசைப் பொருட்படுத்த மாட்டான், எழுதுவதே அவனுக்குப் பரிசு" என்று அருளுரை வழங்குவார்கள். இவ்வருளுரையை வழங்குவோர் யாவர் என்று பார்த்தால், அவர்களுடைய நூல்கள் எப்போதோ அச்சேறியிருக்கும். மேடையில் அவர்களுக்கு ஆசனம் இருக்கும். அவர்களுடைய பெயரைக் கண்டதும் கதையை வாங்கிக்கொள்ளும் பத்திரிகாசிரியர் இருப்பார். வயிறு நிறைந்தவன் உபவாசத்தின் மேன்மையைப் பேசுவதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

மலைநாட்டிலே எழுதத் தொடங்கும் ஒருவனுடைய நிலை வேறு. ஹற்றனிலோ தலவாக்கலையிலோ நுவரெலியாவிலோ நகருக்கு அப்பால் ஏழெட்டு மைல் உள்ளே, லயத்துக் காம்பராவில், தம்பி தங்கையர் உறங்கிய பின்னர் எழுதுகிற ஓர் இளைஞனுக்குக் கதையை வாசித்துக் கருத்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? நூலகம் நகரத்தில், நூல் வெளியீட்டு விழாக்களும் விமரிசனக் கூட்டங்களும் பெரும்பாலும் கொழும்பில். அச்சுக்கூலியோ மாதச் சம்பளத்தை விழுங்கும். ஆகவே போட்டி நடுவர் அவனுக்கு வெறும் நடுவர் அல்லர். பெரும்பாலும் அவர்தாம் அவனுடைய முதல் வாசகர். சிலவேளை ஒரே வாசகர். அந்த ஒரே வாசகர் என்ன சொல்லப்போகிறார் என்று அவன் தவிப்பது பலவீனமா? வாசகனைத் தேடாத எழுத்தும் எழுத்தாகுமா?

எனவே போட்டிகளே வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. அவ்வாறு சொல்வது நன்றி கொன்ற செயலாகும். மலையக இலக்கியத்தின் வரலாற்றில் போட்டிக்கு இருக்கும் இடம் பெரியது. 1960களில் மலைநாட்டு எழுத்தாளர் மன்றமும் வீரகேசரியும் இணைந்து சிறுகதைப் போட்டிகளை நடத்தின. வீரகேசரியில் பணிபுரிந்த எஸ். எம். கார்மேகம் அம்முயற்சியில் முன்னின்று உழைத்தார். நான்கு போட்டிகளில் பரிசு பெற்ற கதைகள் 1971 ஆம் ஆண்டில் 'கதைக் கனிகள்' என்ற தொகுதியாக வெளிவந்தன. தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராக இருந்து அத்தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப் அப்போட்டிகளில் பரிசு பெற்றவர்களுள் ஒருவர். 1934 இல் பதுளை மாவட்டத்துத் தோட்டமொன்றில் பிறந்த அவர், 'காலங்கள் சாவதில்லை' என்ற நாவலைத் தந்தார். மலையகச் சிறுகதையின் வரலாற்றை எழுதினார். 2013 இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருதைப் பெற்றார். 2022 இல் மறைந்தார்.

அப்போட்டிகள் இம்மக்களின் வாழ்க்கை கதைக்கு உரிய பொருள் என்று உரத்துச் சொல்லின. கொழுந்து பறிப்பவளும் கவ்வாத்து வெட்டுபவனும் கங்காணியும் கதைமாந்தராக முடியும் என்ற துணிவை இளைஞர்களுக்கு ஊட்டின. பரிசு பெற்ற கதைகள் பெட்டிக்குள் புதைந்துபோகாமல் நூலாகி நிலைத்தன. போட்டி என்பது ஒரு சமுதாயத்தின் குரலை எழுப்பும் கருவியாக இயங்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் அதே ஆண்டுகளில் அதே மலைகளில் வேறொரு தீர்ப்புக்காகவும் மக்கள் காத்திருந்தார்கள் என்பதை மறக்கலாகாது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவராக்கிற்று. 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் குடியுரிமை கோரி விண்ணப்பங்கள் போயின. 1960களின் தொடக்கத்தில் கணக்குப் பார்த்தபோது, குடியுரிமை கிடைத்தவர் ஏறத்தாழ 134,000 பேரே. 1964 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென்றும் 300,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது. எஞ்சிய 150,000 பேரின் கதி பிறகு பேசப்படும் என்று ஒத்திவைத்தது. எந்தப் பட்டியலில் தன் பெயர் விழும், தன் பெயர் ஒரு பட்டியலிலும் தன் தம்பியின் பெயர் மற்றொரு பட்டியலிலும் விழுமோ என்று தெரியாமல் ஒரு மக்கள் கூட்டமே கடிதத்தை எதிர்நோக்கிக் கிடந்தது. நாடற்றிருந்த எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003 இல்.

அந்தக் கடிதமும் நேரே வீட்டு வாசலுக்கு வந்ததில்லை. லயத்துக் காம்பராக்களுக்குத் தனி முகவரி இல்லாமையால், தோட்டத்தின் பெயருக்கு வந்து, தோட்ட அலுவலகத்தில் தங்கி, கைமாறிக் கைமாறி வந்து சேர வேண்டும். பல தோட்டங்களில் இன்றும் இதுவே நிலை. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, நாள் கடந்த பின்னர் கைக்கு வந்து சேர்ந்ததை எண்ணிக் கண்ணீர் விட்ட மாணவரை அறியாத ஆசிரியர் மலைநாட்டில் இல்லை. காத்திருப்பது எங்கள் மக்களுக்குப் பரம்பரைச் சொத்து. 'உமது விண்ணப்பம் ஏற்கப்படவில்லை' என்ற ஒற்றை வரியோடு வாழக் கற்றவர்கள் அவர்கள்.

இந்த ஒற்றை வரியைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம். எழுத்தாளனின் நடுக்கத்துக்கு வேர் பரிசாசை அன்று. காரணம் கூறாத தீர்ப்பே அதன் வேர். தீர்ப்பு என்று வரும் என்று தெரியாது. யார் தீர்ப்பளிக்கிறார் என்று தெரியாது. எந்த அளவுகோலால் அளக்கிறார் என்று தெரியாது. தோற்றால் ஏன் தோற்றோம் என்றும் தெரியப்போவதில்லை. தெரியாமையிலிருந்து அச்சம் பிறப்பது இயற்கை.

தோட்டத்திலே கொழுந்து நிறுக்கும் இடத்தைப் பார்த்தவர்கள் இதை எளிதில் உணர்வார்கள். பகல் முழுவதும் பறித்த கொழுந்தைத் தராசில் ஏற்றும்போது பெண்களின் கண்கள் முள்ளின்மேல் நிற்கும். கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். கழிவு அதிகம் என்றால் வாய்விட்டுச் சண்டை போடும் பெண்களும் உண்டு. அந்தச் சண்டை நடப்பதற்குக் காரணம், தராசின் முள் கண்ணுக்குத் தெரிவதே. நம் இலக்கியப் போட்டிகள் பலவற்றிலோ தராசைத் திரைக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். முள் எங்கே நின்றது என்று கேட்டால், கேட்டவனைத் தலைக்கனம் பிடித்தவன் என்கிறார்கள்.

இது வெறும் வாதம் அன்று என்பதற்கு நம் வகுப்பறையில் நடந்த ஒன்றைக் கூறுகிறோம். உயர்தர வகுப்பில் நம்மிடம் தமிழ் பயின்ற ஒரு மாணவி, தன் தாய் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பட்ட அவமானத்தைக் கதையாக எழுதி வந்தாள். எழுத்துக் கூட்டலில் பிழை இருந்தது. கதையில் உயிர் இருந்தது. ஓர் அமைப்பு நடத்திய போட்டிக்கு அதை அனுப்பும்படி தூண்டியவர் நாமே. அந்த நாள் தொடக்கம் திங்கட்கிழமைதோறும் வகுப்பு முடிந்ததும் மேசையருகே வந்து நிற்பாள். "முடிவு வந்துருச்சுங்களா சேர்?" என்பாள். மூன்று மாதம் கேட்டாள். பிறகு வாய்திறந்து கேட்பதை விட்டுவிட்டுக் கண்ணால் மட்டும் கேட்டாள்.

ஆறாம் மாதத்தில் பத்திரிகையின் ஒரு மூலையில் மூன்று பெயர்கள் வெளியாயின. அவளுடைய பெயர் அங்கு இல்லை. அதற்காக அவள் அழவில்லை. "பரிசு கிடைக்காட்டிப் பரவாயில்லைங்க சேர். எது சரியில்லைன்னு மட்டும் சொல்லியிருந்தாப் போதும்" என்றாள். அமைப்பாளருக்கு எழுதினோம், மறுமொழி இல்லை. கதைகள் திருப்பி அனுப்பப்பட மாட்டா என்று விதிமுறையில் இருப்பதை மட்டும் நாமே கண்டுகொண்டோம். அந்த ஆண்டு முழுவதும் அவள் வேறொன்றும் எழுதவில்லை.

ஒரு பதினேழு வயதுப் பெண்ணின் கேள்வியைவிட நேர்மையான இலக்கியக் கோட்பாடு ஒன்றை நாம் பல்கலைக்கழகத்தில் கற்கவில்லை. எது சரியில்லை என்று சொல்லுங்கள் — இதுவே கேள்வி. இக்கேள்விக்கு விடையளிப்பது தமிழ் மரபுக்குப் புதியதா? மறுபடியும் தருமியிடம் செல்வோம். அந்தக் கதையில் நாம் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு. தருமி கொண்டுவந்த பாடலில் குற்றம் உண்டு என்று நக்கீரர் சபையிலே எழுந்து நின்று சொன்னார். இன்ன இடத்தில் பொருட்குற்றம் என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். பாடலை எழுதியவர் இறைவனே என்று தெரிந்த பின்னரும், நெற்றிக்கண்ணின் முன்னும் தம் காரணத்தைக் கைவிடவில்லை. அக்காரணம் சரியா தவறா என்று இன்றுவரை நாம் வாதிட்டுக்கொண்டிருக்கிறோம். காரணம் சபையில் வைக்கப்பட்டதனால்தானே அந்த வாதம் உயிரோடு இருக்கிறது? குறுந்தொகையில் இரண்டாம் பாட்டாக நிற்கும் அச்செய்யுளை இன்று பள்ளிப்பிள்ளைகளும் அறிவதற்கு அந்த வாதமும் ஒரு காரணம்.

தருமிக்குக் கிடைத்த மரியாதை நம் மாணவிக்குக் கிடைக்கவில்லை. நக்கீரரைப் பற்றி மேடையில் முழங்குவோர், நடுவர் ஆசனத்தில் அமர்ந்ததும் ஊமையாகிவிடுவது ஏன்?

"நடுவரின் தீர்ப்பே இறுதியானது" என்று விதிமுறையில் அச்சிடுகிறார்கள். பரிசுத்தொகையைப் பொறுத்தவரை அது சரி. இலக்கியத்தைப் பொறுத்தவரை அது நடவாத காரியம். பண்டைய ஏதென்ஸ் நகரத்து நாடகப் போட்டிகளில் பத்து நடுவர்களைச் சீட்டுக் குலுக்கித் தெரிந்தெடுத்தார்கள். அவர்கள் அளித்த தீர்ப்புகளிலும் எல்லாவற்றையும் எண்ணாமல், குலுக்கி எடுத்தவற்றையே எண்ணினார்கள். நடுவரும் பிழை செய்வார், விலைபோகவும் கூடும் என்பதை அம்மக்கள் அறிந்திருந்தார்கள். சொபோக்கிளீஸ் எழுதிய 'ஈடிப்பஸ் மன்னன்' நாடகம் போட்டியில் இரண்டாம் இடமே பெற்றதென்றும், முதலிடம் பிலோக்கிளீஸ் என்பவருக்குப் போயிற்றென்றும் பழைய குறிப்பொன்று கூறுகிறது. பிலோக்கிளீஸின் நாடகங்களில் ஒன்றேனும் முழுமையாக இன்று நம் கையில் இல்லை. இறுதித் தீர்ப்பை வழங்குவது காலமும் மக்களுமே.

நம் நாட்டிலேயே சான்று உண்டு. என். எஸ். எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' 1961 இல் தினகரனில் வெளிவந்தது. நாளேட்டைப் பிரித்த வாசகர் அதற்கு நடுவராயினர். அக்கதையின் பெயரைத் தாங்கிய தொகுதி 1980 இல் வெளிவந்தபோது, இடையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்திருந்தன. கதையோ மங்கவில்லை. மலையகச் சிறுகதையைப் பற்றிப் பேசுவோர் அதை விட்டுவிட்டுப் பேச முடியாது.

இவற்றையெல்லாம் கேட்டால் அமைப்பாளர்கள் ஒரு நியாயம் சொல்வார்கள். "நூற்றுக்கணக்கில் கதைகள் வந்து குவிகின்றன, நடுவர்களோ ஊதியமின்றி வாசிக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுத முடியுமா?" என்பார்கள். இந்த நியாயத்தை நாம் முற்றாகத் தள்ளவில்லை. நாற்பது பேரின் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்துகிற ஆசிரியனுக்கு அந்தச் சுமை தெரியும். ஆனால் நாற்பது கொப்பிகளுக்கும் புள்ளி மட்டும் இட்டு, பிழை எங்கே என்று குறிக்காமல் திருப்பிக் கொடுக்கிற ஆசிரியனை யாராவது ஆசிரியன் என்பார்களா? ஒவ்வொருவருக்கும் கடிதம் வேண்டாம். ஒரே ஒரு கட்டுரை போதும். வந்த கதைகளில் கண்ட நிறை என்ன, குறை என்ன, முதற்பரிசுக் கதையை எதனால் தேர்ந்தோம் என்று நடுவர் ஐந்து பக்கம் எழுதினால், தோற்ற ஒவ்வொருவனும் அதில் தன் கதைக்குரிய வரியைத் தானே கண்டுகொள்வான்.

இது முடியாத காரியம் அன்று. சென்னையில் 1970 இல் தோன்றிய 'இலக்கியச் சிந்தனை' அமைப்பு, இதழ்களில் வெளிவந்த சிறுகதைகளிலிருந்து மாதம் ஒன்றைத் தேர்ந்தது. ஆண்டு முடிவில் பன்னிரண்டு கதைகளையும் ஒருவர் ஆராய்ந்து, சிறந்த ஒன்றைத் தேர்ந்து, தேர்ந்ததற்கான காரணத்தைக் கட்டுரையாக எழுத, அக்கட்டுரையும் கதைகளும் நூலாக வந்தன. அத்தேர்வுகளை ஏற்காதவர் பலர் இருக்கலாம். ஏற்காமல் வாதிடுவதற்கும் கையில் ஒரு காரணம் வேண்டுமல்லவா? அதை அவர்கள் கொடுத்தார்கள்.

பிறரைக் குறை சொன்ன நாம் நம் முதுகையும் பார்க்க வேண்டும். காத்திருக்கும் நடுக்கம் எழுத்தாளனை வருத்துவதோடு நிற்பதில்லை. அவனைக் கெடுக்கவும் செய்கிறது. காரணம் தெரியாத இடத்தில் ஊகம் குடியேறுகிறது. சென்ற ஆண்டு பரிசு பெற்ற கதையில் அட்டைக்கடி இருந்தது; ஆகவே இவ்வாண்டு நம் கதையிலும் அட்டை கடிக்கிறது. அதில் லயத்துக் கூரை ஒழுகிற்று. ஆகவே நம் கதையிலும் மழை பெய்கிறது. அதில் கிழவி செத்தாள். ஆகவே நாமும் ஒரு கிழவியைக் கொல்கிறோம். நம் அயல்வீட்டுக் கிழவியோ உயிரோடு இருந்து, எண்பது வயதில் பேத்தியின் கைத்தொலைபேசியில் வெளிநாட்டிலிருக்கும் மகளோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். அவளை நாம் எழுதுவதில்லை. நடுவருக்குப் பிடிக்குமோ என்ற அச்சத்தில், கண்ணெதிரே இருக்கும் வாழ்வைக் கைவிட்டு, கடன்வாங்கிய கண்ணீரை விற்கிறோம். யதார்த்தம் என்று நாம் பறைசாற்றுவது இவ்விதத்தில் வெறும் வாய்பாடாகிவிடுகிறது. இந்தக் குற்றத்துக்கு அமைப்பாளரை மட்டும் பொறுப்பாக்குவது கோழைத்தனம்.

ஆகவே நாம் கேட்பவை சில; செய்ய வேண்டியவை சில. போட்டி நடத்துவோர் முடிவு வெளியாகும் நாளை அறிவித்தலிலேயே குறிக்கட்டும். தவறினால் தவறியதற்குக் காரணம் சொல்லட்டும். முடிவோடு நடுவரின் பெயரும் வரட்டும். அவருடைய மதிப்புரை அச்சில் வரட்டும். பரிசுக்கு வெளியே நின்ற நல்ல கதைகளின் பெயர்களையும் வெளியிடட்டும். பரிசளிப்பு விழாவின் மாலைகளுக்கும் பொன்னாடைகளுக்கும் ஆகும் செலவில் ஒரு பகுதி இதற்குப் போதும்.

எழுதுவோராகிய நாம் செய்ய வேண்டியது இதைவிடப் பெரியது. ஒரே வாசகரை நம்பிக் கிடக்கும் நிலையை நாமே மாற்ற வேண்டும். நம் பாடசாலைக்கு அருகேயுள்ள தோட்டத்து வாசிகசாலையில் மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிறு பிற்பகலில், பதினைந்து இருபது பேர் கூடிக் கதை வாசிக்கத் தொடங்கினோம். எழுதத் தெரிந்தவர் வாசிப்பார்; எழுதப் படிக்கத் தெரியாதவரும் கேட்பார்; கேட்டவர் கருத்துச் சொல்வார். விதிமுறை ஒன்றுதான்: நன்று என்றாலும் தீது என்றாலும் காரணம் சொல்ல வேண்டும்.

அங்கேதான் அந்த மாணவியின் கதையும் வாசிக்கப்பட்டது. அவள் வர மறுத்தாள், நாம் வற்புறுத்தவில்லை. மூன்றாம் மாதம் அவளாகவே வந்து வாசித்தாள். வாசித்து முடித்ததும் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு, முப்பது ஆண்டுகள் கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா எழுந்தார். "எல்லாம் சரிதான் புள்ள. ஆனா நிறுக்கிற எடத்துல ஒங்க அம்மா சும்மா நின்னுச்சுன்னு எழுதியிருக்க. நா பக்கத்துல நின்னேன். அது சும்மா நிக்கல. திருப்பிக் கேட்டுச்சு. அத ஏன் எழுதல?" என்றார்.

தன் தாய் திருப்பிக் கேட்டதை அவள் அறிந்திருக்கவில்லை. வீட்டில் அதைத் தாய் சொன்னதில்லை. அன்று மாலை தாயும் மகளும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நமக்குத் தெரியாது. அடுத்த மாதம் அவள் கதையைப் புதிதாக எழுதிக்கொண்டு வந்தாள் என்பது மட்டும் தெரியும். அது முன்னையதைவிட நல்ல கதை. பரிசு பெறுமா என்று கேட்டால், நாம் சொல்ல முடியாது.

ஆறு மாதம் காத்திருந்தும் கிடைக்காத மதிப்புரை, கையெழுத்துப் போட மட்டும் தெரிந்த ஒரு தொழிலாளியிடமிருந்து அரை நிமிடத்தில் கிடைத்தது. நக்கீரர் சங்கத்திலே மட்டும் இருப்பவர் அல்லர், லயத்திலும் இருக்கிறார். அவரைத் தேடிப் போவோம். போட்டி நடத்துவோரிடமும் நடுவரிடமும் இரங்கி நிற்காமல், உரிமையோடு கேட்போம்: தீர்ப்பு எதுவாயினும் ஆகுக, காரணத்தைச் சொல்லுங்கள்.